சஸ்பென்ஸ் கணக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாசமாக யோசனை. நம் வீடுகளில் இந்த மாதிரி விஷயங்களைப் பேசுவது வழக்கமில்லை. அந்த ஒரே காரணத்துக்காகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளம். பொறுமை இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. வெளியே துபாய் வெயிலின் மிச்சம், மறுநாள் ஆபீஸ் கிடையாது. வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து 'பாபநாசம்' பார்த்தோம். எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை. படம் முடிந்து தங்கமணி சமையலறைப் பக்கம் போயாச்சு. மகள் மட்டும் சோபாவை விட்டு நகரவில்லை. வயசு பதினொன்று.

"அப்பா, அந்தச் சின்னப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை கண்ணு. அதான் அவங்கப்பா காப்பாத்திட்டாரே."

"அது போலீஸ்கிட்ட இருந்துப்பா. அவ ராத்திரி பார்த்தாளே, அதுல இருந்து?"

என்னிடம் பதில் இல்லை. "நேரமாச்சு, தூங்கு. நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி எஸ்கேப் ஆகிவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

(இதற்குமேல் படத்தின் கதையைச் சொல்லிவிடப் போகிறேன். இன்னும் பார்க்காத புண்ணியவான்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும்.)

'பாபநாசம்' வந்தது 2015-இல். அதற்கு மூலமான 'த்ரிஷ்யம்' மலையாளத்தில் 2013 டிசம்பரில் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப். மலையாளத்தில் கதை நடக்கும் இடம் இடுக்கி மாவட்டத்து ராஜாக்காடு. நம் போடிமெட்டு ஏறினால் அங்கிருந்து பக்கம்தான். தமிழில் அதைத் தாமிரபரணிக் கரைக்கு இறக்கிக்கொண்டார்கள். இரண்டிலும் அந்தச் சின்னப் பெண்ணாக வருவது ஒரே குழந்தை, எஸ்தர் அனில்.

மூத்த பெண்ணை வீடியோ வைத்து மிரட்ட வந்த பையன், அம்மாவும் பெண்ணும் தடுத்த தள்ளுமுள்ளில் செத்துப்போகிறான். பிணத்தை எருக்குழியில் போட்டு மூடுகிறார்கள். அதைச் சின்னவள் பார்த்துவிடுகிறாள். அப்புறம் அப்பா வருகிறார். குடும்பத்துக்கே ஒரு பொய்யைப் பாடம் போலச் சொல்லிக்கொடுக்கிறார். போலீஸ் அடிக்கிறது. கடைசியில் எருக்குழியைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்னவள்தான். தோண்டினால் உள்ளே கன்றுக்குட்டி. தியேட்டரில் என்ன கைத்தட்டல்! நானும் தட்டினேன், மறுக்கவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. "அடிச்சா சொல்லிடும்" என்பது போலீஸின் நம்பிக்கை. "சொல்லிக்கொடுத்தா மறைச்சிடும்" என்பது அப்பாவின் நம்பிக்கை. இரண்டு பக்கத்துக்கும் அந்தக் குழந்தை ஒரு பீரோ. ஒருவர் பூட்டப் பார்க்கிறார், ஒருவர் உடைக்கப் பார்க்கிறார். உள்ளே இருப்பதை அவள் இறக்கி வைக்க ஓர் இடம் கதையில் எங்குமே இல்லை. என் மகள் கேட்டது அதைத்தான்.

த்ரிஷ்யம் வந்த புதிதில், ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என்ற நாவலைப் போல இருக்கிறதே என்று ஒரு பேச்சு கிளம்பியது. இயக்குநர் மறுத்தார். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதிலும் ஒரு பெண் குழந்தை உண்டு. 2005-இல் வந்த புத்தகம், ஜப்பானின் நவோகி பரிசு வாங்கியது. தனியாக வாழும் ஒரு தாய், பள்ளிக்கூடம் போகும் மகள். விவாகரத்தான முன்னாள் கணவன் பணம் கேட்டு வந்து தொல்லை கொடுக்கிறான். முதல் அடி அடிப்பது அந்தப் பெண்தான், பூ ஜாடியால். பிறகு அவன் செத்துப்போகிறான். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்து எல்லாவற்றையும் மறைக்கிறார். போலீஸ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் பாடம் நடக்கிறது. முன்னூறு பக்கத்துக்கு வாத்தியாரின் மூளையை வியந்துகொண்டே போகிறோம். கடைசிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறாள். அப்போதுதான் நமக்கு உறைக்கிறது, இத்தனை நேரம் இவள் இந்த வீட்டில்தானே இருந்தாள், இவளைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தோமா என்று.

நான் க்ரைம் கதைகளுக்கு எதிரி இல்லை. கோயம்புத்தூரில் பி.காம். படித்த காலத்தில் உக்கடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் ராஜேஷ்குமார்தான் துணை. சாயந்திரம் வாங்கின 'க்ரைம் நாவல்' வீடு வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். பிரச்சினை கதையில் இல்லை, அதைப் படித்துப் படித்து நமக்கு வந்த பழக்கத்தில் இருக்கிறது. கதையில் குழந்தை ஏதாவது பார்த்திருந்தால், கடைசி அத்தியாயம்வரை அதை மறைத்து வைத்தால்தான் சுவாரஸ்யம். நிஜத்தில் அந்தக் கடைசி அத்தியாயம் வருகிறவரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே?

இனி சொல்லப் போவது கதை இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் எல்லோருக்கும் வாளையார் தெரியும். செக்போஸ்ட், லாரி வரிசை, மலை, யானை. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அங்கிருந்து வாளையார் அதிக தூரமில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் பேசுகிற எல்லைப் பிரதேசம். அந்த வாளையாரில் அட்டப்பள்ளத்தில் ஓர் ஏழைக் குடும்பம். 2017 ஜனவரி 13 அன்று 13 வயது மூத்த பெண் வீட்டுக்குள் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தாள். மார்ச் 4 அன்று அதே வீட்டில், அதே மாதிரி, 9 வயதுத் தங்கை. இரண்டு குழந்தைகளும் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அக்கா இறந்த அன்று முகத்தை மூடிக்கொண்ட இரண்டு பேர் வீட்டிலிருந்து போனதைப் பார்த்ததாகத் தங்கை சொல்லியிருந்தாள். செய்தித்தாள்களில் எல்லாம் வந்த விஷயம் இது. அவள் பார்த்தாள், அதைச் சொல்லவும் செய்தாள். அதற்குப் பிறகு 50 நாள். (எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் 18, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 4.) அந்த 50 நாளில் அவள் சொன்ன வார்த்தைக்காக யாரும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அக்காவின் பரிசோதனை அறிக்கையிலேயே கொடுமைக்கான அறிகுறி இருந்தும் அதைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் போலீஸ் மீது அப்புறம் எழுந்த பெரிய குற்றச்சாட்டு.

பின்னால் நடந்தது ஒரு தொடர்கதை. 2019-இல் பாலக்காட்டுப் போக்சோ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தது. கேரளமே கொதித்தது. 2021 ஜனவரி 6 அன்று உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வருஷத்துச் சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தாய் தர்மடம் தொகுதியில், அன்று முதல்வராக இருந்த பினராயி விஜயனை எதிர்த்து நின்றார். அவருடைய சின்னம் குழந்தைகள் போடும் கவுன். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவர்களும் தற்கொலை என்றார்கள். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்காமல் மேலும் விசாரிக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் சி.பி.ஐ. கொடுத்த குற்றப்பத்திரிகையில் பெற்றோரே குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள், கொடுமைக்கு உடந்தை என்று. அவர்கள் அதை மறுத்து உயர் நீதிமன்றம் போனார்கள்.

யார் குற்றவாளி என்று துபாயில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். இத்தனை விசாரணை, இத்தனை அதிகாரிகள், இத்தனை வருஷம், எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிற பதிலில் ஒரு பகுதியாவது 2017 ஜனவரியில் ஒரு 9 வயதுக் குழந்தையிடம் இருந்தது. கேட்பதற்கு 50 நாள் இருந்தது.

தெற்கே இடுக்கிப் பக்கம் வாருங்கள். கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, அதைத் தாண்டி வண்டிப்பெரியார். தேயிலைத் தோட்டம், லயங்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் நம் தமிழ் ஜனங்கள் நிறைய. 2021 ஜூன் 30 அன்று அங்கே ஓர் எஸ்டேட் லயத்தில் 6 வயதுக் குழந்தை தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தாள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரம். விளையாடும்போது நடந்த விபத்து என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனை வேறு மாதிரிச் சொன்னது. பக்கத்து லயத்து இளைஞர் ஒருவரைக் கைது செய்தார்கள். கொடுமை வெகு நாளாக நடந்தது என்றது போலீஸ் தரப்பு. 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, புலனாய்வில் குறைகள் என்று தீர்ப்பில் சொன்னார்கள்.

வெகு நாளாக நடந்தது உண்மையென்றால், நாம் புரிந்துகொள்கிற வார்த்தையில் அதைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வயசு இல்லை. வாளையார்க் குழந்தைக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கிலோமீட்டர் கணக்கில் எவ்வளவோ தூரம் இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒரே ஊராகத்தான் தெரிகிறது.

சரி, எனக்கு ஏன் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்கு வருகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயசு. வரிசையாக நாலு வாடகை வீடு, நடுவில் பொதுக் கிணறு. கடைசி வீட்டில் ஓர் அக்கா. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு அரிசி முறுக்கு தருவார், வீட்டுப்பாடம் பார்த்துத் தருவார். ஒரு ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்து கொல்லைக்கு வந்தேன். அக்கா குரல் கேட்டது. "வேண்டாங்க, வேண்டாங்க" என்று. அப்புறம் கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம். அவர் வீட்டுக்காரர் விளக்கு இல்லாமல் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சும்மா நின்றார்.

உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார். "நீ ஒண்ணும் பாக்கலை சாமி. கண்ட கனாவையெல்லாம் வெளிய சொல்லக்கூடாது. தூங்கு."

காலையில் போலீஸ் வந்தது. வயிற்று வலி தாங்காமல் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எத்தனை பெண்களுக்கு இந்த வயிற்று வலி வந்தது என்று யாராவது கணக்கெடுத்தால் தெரியும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்தது கொலையா, அவராகவே விழுந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனுஷர் பயத்தில் உறைந்து நின்றிருக்கலாம். எட்டு வயசுக்காரன் ராத்திரி இருட்டில் பார்த்ததை வைத்து ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியாது.

அம்மா மேல் எனக்குக் கோபமும் இல்லை. அப்பா வெளியூரில் வேலை, வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள், கடைசி வீட்டுக்காரர்களோ ஊரில் செல்வாக்கானவர்கள். அம்மா என்னைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கிணற்றில் அவர் தண்ணீர் இறைக்கவே இல்லை. வீடு மாறுகிறவரை, குடத்தைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக் குழாய்க்குத்தான் போவார். கேட்டால் "கெணத்துத் தண்ணி உப்பு" என்பார். உப்பே கிடையாது. நான் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார் என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. போன வருஷம் அம்மா காலமானார். கடைசிவரை நாங்கள் அதைப் பேசவே இல்லை.

இப்போது மகளிடம் நான் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். "நேரமாச்சு, தூங்கு." அம்மா சொன்ன அதே வார்த்தை!

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வருகிறது. யாருடையது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை. அதற்காகத் தூக்கி எறிய முடியுமா? மேஜை டிராயரில் போட்டு வைத்தால் வேலை போய்விடும். சஸ்பென்ஸ் கணக்கில் தேதி போட்டு வரவு வைப்போம். அப்படி வரவு வைப்பதால் அது இன்னாருடைய பணம் என்று முடிவு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். வைத்துவிட்டு மறந்துபோகவும் விட மாட்டார்கள். ஆடிட்டர் வந்ததும் கேட்பார், "இந்த என்ட்ரி எத்தனை நாள் பழசு?"

குழந்தை சொல்கிற வார்த்தைக்கும் இதுதான் வேண்டும் என்கிறேன். நம்பு, நம்பாதே என்பது அப்புறம். முதலில் வரவு வை.

ஏனென்றால் இதைச் சொன்னதும் வருகிற முதல் ஆட்சேபணை, "குழந்தைங்க கற்பனை பண்ணும் சார், யாராவது சொல்லிக்கொடுத்தாலும் அப்படியே ஒப்பிக்கும்" என்பது. உண்மைதான். ஒரு நிரபராதியின் வாழ்க்கை வீணாகிவிடக் கூடாது என்பதும் நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து என்ன? சொன்ன அன்றைக்கே, அது சொன்ன வார்த்தையிலேயே, நம் வார்த்தையைக் கலக்காமல் எழுதி வைப்பதுதான். தள்ளிப்போடப் போடத்தான் பெரியவர்களின் பேச்சு அதன் நினைவுக்குள் புகுந்துகொள்ளும். தாமதம் குற்றவாளிக்கு எவ்வளவு உதவுமோ, அவ்வளவு நிரபராதிக்குக் கெடுதல்.

சட்டம் இதில் நம்மை விடத் தெளிவாக இருக்கிறது. சாட்சி சொல்ல இத்தனை வயசு ஆகியிருக்க வேண்டும் என்று 1872-இல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்திலேயே கிடையாது. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்தால் போதும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படித்தான். 2025 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மத்தியப் பிரதேசத்து வழக்கு. 2003-இல் அப்பா அம்மாவைக் கொன்றதை 7 வயது மகள் பார்த்துச் சாட்சி சொன்னாள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க 18 நாள் ஆகிவிட்டது என்பதும் அங்கே சந்தேகத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, குழந்தையின் சாட்சியை ஏற்றுக்கொண்டது. தாமதம் மட்டுமே ஒரு குழந்தையின் வார்த்தையைத் தள்ளிவிடக் காரணம் ஆகாது, ஆனால் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கவனமாகப் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயசு. 18 நாள் தாமதம் ஒருவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தது, அவளுக்கு 22 வருஷக் காத்திருப்பைக் கொடுத்தது.

2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒரு வங்கிக்காரனாகப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி வருகிற ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும், எழுத்தில் பதிய வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், புத்தகத்தில் ஏற்ற வேண்டும். குழந்தையே சொன்னால் அதற்குப் புரிகிற எளிய வார்த்தையில் எழுத வேண்டும். இது அப்படியே நம் லெட்ஜர்! தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், ஆறு மாதம்வரை சிறை. அந்தத் தண்டனை குழந்தைக்குக் கிடையாது, பெரியவர்களுக்குத்தான். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது என்பதுவரை சட்டம் யோசித்திருக்கிறது. யோசிக்காமல் இருப்பது நம் வீட்டுக் கூடம்தான். சட்டம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆரம்பிக்கிறது. குழந்தை முதலில் சொல்வது அடுப்படியில், காரின் பின் சீட்டில், ஊருக்குப் பேசும் வீடியோ காலில்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இதில் இரட்டிப்புப் பயம். ஊரில் என்றால் மானம், இங்கே என்றால் மானமும் விசாவும். "போலீஸ் கீலீஸ்னு போனா நாளைக்கு நம்மளையே அனுப்பிட்டா?" என்று ஒரு நண்பர் என்னிடமே கேட்டிருக்கிறார். பக்கத்து ஃப்ளாட் நம் ஊர்க்காரர், இங்கே நமக்கு அவசரத்துக்கு ஓடி வருகிற ஒரே ஆள், அவரைப் பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடத் தோன்றும். கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு நாம் திரும்பி வந்துவிடுகிறோம். அங்கிருந்து பையன் "எனக்கு இங்க பிடிக்கலை, வந்துடறேன்" என்றால் "வை-ஃபை இல்லாம போரடிக்குது போல" என்று சிரித்துவிடுகிறோம். பெரும்பாலும் வை-ஃபைதான் காரணமாக இருக்கும். ஒரு தடவையாவது ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டோமா?

இந்த ஊர்ச் சட்டம் பயந்து ஒளிய வைக்கிற சட்டமும் இல்லை. 2012-இல் இங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பெற்ற தகப்பனும் அவனோடு இருந்த பெண்ணும் செய்த சித்திரவதையில் இறந்துபோனாள். உடலைப் பாலைவனத்தில் புதைத்திருந்தார்கள். அமீரகமே அதிர்ந்த வழக்கு. அதன் பிறகு 2016-இல் வந்த குழந்தைகள் உரிமைச் சட்டத்தை இன்றும் அவள் பெயரால் வதீமா சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பற்றித் தெரிந்தால் சொல்ல வேண்டும் என்கிறது, ஆசிரியர், டாக்டர் போன்றவர்களுக்கு அதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நானே இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். என் வீட்டில் நாங்கள் இருவரும் முடிவு செய்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

1. குழந்தை ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பது. "சொன்னது நல்லதாச்சு" என்று முதலில் சொல்வது.

2. "அவன் இப்படிப் பண்ணானா, அப்படிப் பண்ணானா" என்று நம் வாயால் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது. "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தை போதும்.

3. அது சொன்னதை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வைப்பது. பெரியப்பா, மாமா, சித்தி என்று ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமல் இருப்பது.

4. விசாரணையை நாமே நடத்தாமல், அதற்கென்று இருப்பவர்களிடம் கொண்டுபோவது. ஊரில் என்றால் 1098 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கே மனப்பாடமாக்கி வைப்பது.

5. "வெளிய சொல்லாதே" என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுவது. (இதுதான் ரொம்பக் கஷ்டம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.)

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலை, காபி டம்ளரோடு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நேத்து அந்தச் சின்னப் பொண்ணைப் பத்திக் கேட்டியே. அப்பா சரியா பதில் சொல்லலை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள், "ஒருத்தி ஒரு சீக்ரெட் சொல்லி யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, அப்பாகிட்ட சொல்லலாமா?"

அப்போதுதான் புரிந்தது, அவள் ராத்திரி கேட்டது படத்தைப் பற்றியே இல்லை.

அவள் வகுப்புத் தோழி சொன்ன விஷயம் அது. என்ன என்று இங்கே எழுத மாட்டேன், அது அந்தக் குழந்தையுடையது. "அப்புறம்?" "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். எழுதி, தேதி போட்டேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளியில் இதற்கென்று இருக்கிற கவுன்சிலரிடம் போய்ச் சொன்னேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. அவர் ஒரு படிவத்தை எடுத்து, எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அந்தக் குழந்தை வகுப்புக்கு வருகிறாள், மதியம் என் மகளோடு சேர்ந்து சாப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் இன்று ராத்திரி யாராவது எதையாவது கேட்டால், "நேரமாச்சு, தூங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.